ரிப்போர்ட் நார்மல், ஆனா சினை பிடிக்கல

இன்னைக்கு எபிசோடு காளை மாட்டோட விந்தணுவைப் பத்தி. மெட்ரோல ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருக்கீங்கன்னா, தயவுசெஞ்சு இப்பவே ஹெட்போன் மாட்டிக்கோங்க.

தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் ஃப்ளெக்ஃபீன்னு ஒரு மாட்டினம். பாலுக்கும் வளர்ப்பாங்க, இறைச்சிக்கும் வளர்ப்பாங்க. அங்க பெரும்பாலும் சினை ஊசிதான். ஒரே பொலிகாளையோட உறைவிந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகலாம். அதனால அனுப்புறதுக்கு முன்னாடியே லேப்ல செக் பண்ணிடுவாங்க. எண்ணிக்கை போதுமா, நல்லா நீந்துதா, வடிவம் ஒழுங்கா இருக்கா.

சில காளைகள் இது எல்லாத்துலயும் பாஸ். ஆனா அதுங்களோட ஊசி போட்டதுல பலன் கிடைச்சது வெறும் 1.7 சதவீதம். நூத்துக்கு ரெண்டு கூட இல்ல! நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை, ப்ரொடக்‌ஷன்ல மட்டும் ஓட மாட்டேங்குது.

மாடு சினை நிக்கலைன்னா முதல் சந்தேகம் யார் மேல? பசு மேலதான். அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்கணும். மறுபடி ஊசி, மறுபடி செலவு. அப்பவும் நிக்கலைன்னா பசுவைக் கழிச்சு விட்டுடுவாங்க. ஆண் பக்கம் ரிப்போர்ட் சுத்தமா இருந்தா பழி எங்க போய் விழும்ங்கிறது மாட்டுத் தொழுவத்துக்கு மட்டுமான கதை இல்லையே.

2014-ல ஹூபெர்ட் பௌஷ் குழுவினர் 7,962 ஃப்ளெக்ஃபீ காளைகளோட மரபணுத் தகவலை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அதுல பிரச்சினை இருந்தது 40 காளைகளுக்கு. அந்தத் தேடல் 19-ஆவது குரோமோசோம்ல போய் நின்னுச்சு. அங்க டிமெம்95-ன்னு ஒரு மரபணு. விந்தணுவோட மேற்பரப்புல உட்காரும் ஒரு புரதத்துக்கான குறியீடு அது. அதுல ஒரே ஒரு எழுத்து மாறியிருந்துச்சு. 161-ஆவது அமினோ அமிலம் வர வேண்டிய இடத்துல ‘நிறுத்து’ன்னு கட்டளை. புரதம் முழுசாகுறதுக்கு முன்னாடியே முடிஞ்சு போகுது. சாயம் ஏத்திப் பார்த்தப்போ, நல்ல காளைகளோட விந்தணுவுல அந்தப் புரதம் தெரிஞ்சுது, இதுங்களோடதுல இல்ல.

அப்பா கிட்டருந்து ஒண்ணு, அம்மா கிட்டருந்து ஒண்ணுன்னு ரெண்டு நகலும் பழுதா வந்தாத்தான் சிக்கல். ஒண்ணு மட்டும் பழுதுன்னா வெளிய ஒண்ணுமே தெரியாது. தலைமுறை தலைமுறையா சத்தமில்லாம போய்க்கிட்டே இருக்கும்.

சரி, அந்தப் புரதம் என்னதான் பண்ணுது? 2020-ல எலிகள்ல பார்த்தாங்க. அது இல்லாத விந்தணு நீந்துது, கருமுட்டை வரைக்கும் போய்ச் சேருது, வெளி உறையையும் தாண்டிடுது. கடைசியில முட்டையோட ஒண்ணா இணைய மட்டும் முடியல. வாசல் வரைக்கும் போயாச்சு, கதவு திறக்கல. மைக்ரோஸ்கோப்ல நீச்சலைப் பார்த்து இதை எப்படிக் கண்டுபிடிப்பீங்க? 2022-ல மனித விந்தணுவுலயும் இதே புரதம் முட்டையோட ஒட்டி, இணைய உதவுதுன்னு காட்டியிருக்காங்க.

ஃப்ளெக்ஃபீ மாட்டுக்கு இப்போ இதுக்கு மரபணு டெஸ்ட் வந்தாச்சு. கன்னுக்குட்டியா இருக்கும்போதே பார்த்துடலாம். அந்தக் காளை வளர்ந்து, நூறு பசுவுக்கு ஊசி போட்டு, யாரோ ஒருத்தர் தன் பசுவை விக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல.