வலையுலக விளையாட்டுகளும் எல்லைப்புறத் தமிழரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

தாய்மார்களே, பின்வரிசையில் அமர்ந்து கைப்பேசியை மடியில் மறைத்து வைத்திருக்கும் இளைஞர்களே!

விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு, பலர் ஒருங்கே கூடி ஆடும் வலையுலக விளையாட்டுகள் பற்றியது. இதைக் கேட்டதும் தாய்மார்களின் முகங்கள் மலர்ந்தன. ‘இன்று இவர் நம் பிள்ளைகளை நன்றாகக் கண்டிப்பார்’ என்ற நம்பிக்கை போலும். இளைஞர்களின் முகங்கள் வாடின. இரு சாராரும் சற்றே பொறுத்தருள வேண்டும். கண்டிக்க வேண்டுவதும் உண்டு. பாராட்ட வேண்டுவதும் உண்டு.

பலர் கூடி ஆடுவது நம்மவர்க்குப் புதிதன்று. பாறசாலையிலும் செங்கலிலும் காரோட்டிலும் கிளித்தட்டு ஆடாத மூத்தோர் இவ்வவையில் உளரா? சீட்டுக்கட்டில் ஐம்பத்தாறு என்னும் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவர் இரு கட்சியாய், ஒருவர் விட்டு ஒருவராய் அமர்ந்து, கேள்வி கேட்கும் முறையாலேயே தம் கையிலுள்ள சீட்டைத் தம் கட்சியாருக்குக் குறிப்பால் உணர்த்துவர். நெய்யாற்றின்கரை வட்டத்துத் திண்ணைகளில் இக்கலை எவ்வளவு வளர்ந்திருந்தது என்பதைப் பெரியோர் அறிவர். இன்றைய பையன் நான்கு பேர் கொண்ட அணியில் நின்று, ‘வலப்பக்கம் இருவர் வருகின்றனர்’ என்று தோழனுக்கு உரைப்பதும் அதே கலையின் வழிவந்ததே. 1978 இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த ஆட்டமே இவ்வகைக்கு முன்னோடி. அதில் படம் இல்லை, எழுத்து மட்டுமே. ‘வடக்கே செல்’ என்று தட்டினால், வடக்கே இருப்பது இன்னதென்று எழுத்து வரும். அவ்வளவே.

நிற்க. இன்று நம் இல்லங்களுள் புகுந்துள்ள ஆட்டங்களை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

முதலாவது, தீவில் குதித்துச் சுட்டு வீழ்த்தும் ஆட்டங்கள். பப்ஜியில் நூறு பேர் குதிப்பர்; சிங்கப்பூர் நிறுவனம் வெளியிட்ட ஃபிரீ ஃபயரில் ஐம்பதின்மர். எஞ்சி நிற்போரே வென்றோர். பப்ஜி கைப்பேசி ஆட்டத்தை 2020 செப்டம்பர் 2 ஆம் நாள் நடுவண் அரசு தடை செய்தது. அதன் இந்தியப் பதிப்பு 2021 ஜூலையில் வந்தது; 2022 ஜூலையில் கடைகளினின்று நீக்கப்பட்டது; 2023 மே திங்களில் மீண்டும் வந்தது. ஃபிரீ ஃபயர் 2022 பிப்ரவரி 14 இல் தடையுண்டது. அதன் உடன்பிறப்பாகிய மேக்ஸ் பதிப்போ தொடர்ந்தது. ஒரு வாயிலை அடைத்தால் மறு வாயில் வழியே வரும் பூனையைப் போன்றவை இவை. தடையால் நம் பிள்ளைகள் ஆட்டத்தை விட்டனர் என்று நாம் கருதவில்லை. ஆட்டத்தின் பெயரை மாற்றிக்கொண்டனர், அவ்வளவே.

சுடுவதனால் பிள்ளை கொடியவன் ஆவானோ என்று அஞ்சுவோர் பலர். நமக்கு அவ்வச்சம் பெரிதன்று. தீபாவளித் துப்பாக்கியால் பொட்டு வெடித்த நாமெல்லாம் கொலைஞர் ஆகிவிடவில்லை. நாம் குறை காண்பது ஆட்டத்தினுள் விரித்து வைக்கப்பட்டுள்ள கடையை. ‘வைரம்’ என்று ஒன்று விற்கின்றனர். அதைக் கொண்டு சட்டையும் துப்பாக்கிப் பூச்சும் வாங்கலாம். பெட்டியுள் இருப்பது யாதென்று அறியாமலே பணம் செலுத்தும் வகைகளும் உண்டு. வெறும் சட்டையோடு வரும் சிறுவனை மற்றவர் எள்ளுகின்றனர். ஏழை வீட்டுப் பிள்ளை பள்ளியில் பட்ட சிறுமையை விளையாட்டிலும் படவேண்டுமா? கிளித்தட்டுக்குச் சட்டை வேண்டியதில்லை.

தாய்மார்களுக்கு ஒன்று சொல்வோம். ‘சோறு ஆறுகிறது, எழுந்து வா’ என்று தாங்கள் அழைக்கையில், ‘ஒரு நிமிடம்’ என்று பிள்ளை இழுப்பது எப்போதும் திமிரன்று. இவ்வாட்டத்தை நிறுத்தி வைக்க இயலாது. நடுவே எழுந்தால் அணித் தோழர் மூவரும் தோற்பர். அவன் கைவிட்டவன் என்ற பெயரெடுப்பான். ஃபிரீ ஃபயரின் ஒரு சுற்று ஏறத்தாழப் பத்து நிமிடம். பப்ஜி வகையினது அரைமணி வரை. ‘இச்சுற்று முடிந்ததும் வா, அடுத்த சுற்று தொடங்காதே’ என்று கூறிப் பாருங்கள். வீட்டுப் பூசல் பாதியாகும். முடிந்த பின்னும் வாரானாயின் அப்பொழுது கண்டியுங்கள். நாமும் உடன் வந்து கண்டிப்போம்.

இனி, இவ்வவை முன் நாம் முதன்மையாய்ச் சொல்ல வந்தது. 1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகம் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் உள்ள நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படிக்கின்றனர்; தெருவிலும் அதுவே. அம்மொழியின்பால் நமக்குப் பகையில்லை. சோறிட்ட நாட்டின் மொழி அது. ஆயினும் பாட்டியோடு பேசத் தமிழ், மற்றவரோடு பேச மலையாளம் என்றான பின், பாட்டி மறைந்ததும் வீட்டில் தமிழ் யாருக்கு வேண்டும்? நெசவுக்காக இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழகத்தினின்று அழைத்து வரப்பெற்ற பாலராமபுரத்துச் சாலியர் குடும்பங்கள் முதல், நேற்று வேலை தேடி வந்த குடும்பங்கள் வரை, எல்லோரும் எதிர்ப்படும் வினா இது.

இந்நிலையில், நள்ளிரவில் காதணிபாடி பூண்டு நம் பையன் மதுரைப் பையனோடும் கோவைப் பையனோடும் யாழ்ப்பாணத்துப் பையனோடும் தமிழில் கூவுகின்றான்! அவனை யாரும் தமிழ் பேசுமாறு பணிக்கவில்லை. பரிசு தருவதாகவும் சொல்லவில்லை. வெல்ல வேண்டும்; அதற்குத் தோழனுக்குப் புரிய வேண்டும். ‘எனக்க தோக்கு போச்சு’ என்று இவன் கதற, மதுரைக்காரன் நகைக்கின்றான். யாழ்ப்பாணத்தான் ‘துவக்கு’ என்கின்றான். தோக்கு, துவக்கு, துப்பாக்கி மூன்றும் ஒரே துருக்கியச் சொல்லின் பேரப்பிள்ளைகள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு நயமாய் அவனுக்கு உணர்த்தியிராது. அவன் பேசுவது செந்தமிழன்று. வசைமொழியும் இடையிடையே கலந்து வருகின்றது என்பதையும் மறைப்பதற்கில்லை. எனினும் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்புக்கு வாராத பையன், தானே தேடிப் போய்த் தமிழ் பேசுமிடம் இதுவாயிற்றே! அவ்விடத்தை முற்றும் அடைத்துவிடுமுன் நாம் இருமுறை எண்ணுதல் வேண்டும்.

மற்ற ஆட்டங்களைச் சுருக்கமாய்ச் சொல்வோம். மைன்கிராஃப்ட் நமக்கு மிக உவப்பானது. கட்டை கட்டையாய் அடுக்கி வீடும் ஊரும் சமைப்பது. சுவீடன் நாட்டவர் ஒருவர் படைத்தது. பிள்ளைகள் சிலர் கூடி நம் பாறசாலை மகாதேவர் கோயில் கோபுரத்தை அதில் எழுப்புவாராயின் நாமே முதலில் சென்று காண்போம். லூடோ கிங் 2016 இல் மும்பை நிறுவனம் வெளியிட்டது. நம் தாயக்கட்டத்தின் மருமகன். 2020 ஊரடங்கில் இஞ்சிவிளையில் எல்லை அடைபட்டு, மார்த்தாண்டத்துத் தமக்கையும் நெய்யாற்றின்கரைத் தங்கையும் பிரிந்திருந்தபோது, காய் வெட்டிச் சண்டையிட்டேனும் சேர்ந்திருக்க உதவியது இத்தகைய ஆட்டமே. ரோப்லாக்ஸ் போன்றவற்றில் முன்பின் அறியாதார் சிறுமியரோடு உரையாட வழியுண்டு. அங்குப் பெற்றோர் உடனிருத்தல் வேண்டும். இதில் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை.

சதுரங்கமோ நம் சொத்து. 2020 ஆகஸ்டில் வலைவழி நடந்த ஒலிம்பியாடில் இந்தியாவும் இரசியாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. 2024 டிசம்பரில் சென்னைச் சிறுவர் குகேஷ் பதினெட்டு வயதில் உலக வாகையர் ஆனார். திரையில் ஆடுவதெல்லாம் வீண் என்போர் இதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ரம்மிக்கு வருவோம். பணம் வைத்தாடும் எதனையும் விளையாட்டு என்று அழைக்க நமக்கு மனம் வரவில்லை. எல்லையில் வாழும் நாம் இதில் ஒரு வேடிக்கையைக் கண்டோம். 2021 ஆகஸ்டில் தமிழகத்தின் தடைச்சட்டத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் நீக்கியது. செப்டம்பரில் கேரளத்தின் தடையை அம்மாநில உயர்நீதிமன்றம் நீக்கியது. தமிழகம் மீண்டும் சட்டம் இயற்றி, 2025 இல், பணம் வைத்தாடும் ஆட்டங்கள் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை கூடா என்று விதித்தது. கேரளத்தில் அவ்விதி இல்லை. ஆக, களியக்காவிளையில் உறங்கவேண்டியிருந்த சீட்டு, ஒரு கல் தொலைவு தாண்டினால் விழித்திருந்தது! நம் வீடுகளிலோ கைப்பேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பற்றும் என்பது காற்றின் விருப்பம். பரிசுச்சீட்டிலும் இதே கதைதான்: 2003 இல் தமிழகம் ஒழித்தது, கேரள அரசு 1967 முதல் தானே விற்கின்றது, அப்பால் இருப்போர் இப்பால் வந்து வாங்கிச் செல்வதை நாள்தோறும் காண்கிறோம். 2025 ஆகஸ்டு 22 இல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற நடுவண் சட்டம் பணம் வைத்தாடும் வலை ஆட்டங்களை நாடெங்கும் விலக்கியது. மின் விளையாட்டுப் போட்டிகளை ஏற்றது. அதனை எதிர்த்து வழக்குகளும் எழுந்தன. நம் வரையில் அச்சட்டத்தை வரவேற்கிறோம். கடன்பட்டு நகையிழந்த குடும்பங்களின் கண்ணீருக்கு முன், ‘இது திறமை ஆட்டம்’ என்னும் வாதம் செல்லாது.

அளவு மீறி அடிமையாதலும் உண்மையே. உலக நலவாழ்வு நிறுவனம் 2019 இல் இதனை ஒரு நோயென ஏற்றது. சீனம் 2021 இல் சிறுவர்க்கு வாரத்தில் மூன்று மணி நேரமே என்றது. தென்கொரியமோ நள்ளிரவுத் தடையைப் பத்தாண்டு நடத்திப் பார்த்து 2022 இல் கைவிட்டது. கேரளக் காவல்துறை திருவனந்தபுரம் முதலிய ஊர்களில் டி-டாட் என்னும் மீட்பு நிலையங்களைத் தொடங்கியது. உறக்கமும் உணவும் பள்ளியும் துறந்த பிள்ளையை அடித்துத் திருத்த முனையாது அத்தகைய இடத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட ஏதுமில்லை.

இறுதியாகச் செயற்குழுவினர்க்கு ஒரு வேண்டுகோள். நம் படிப்பகம் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குப் பூட்டப்படுகின்றது. அதனை ஒன்பது மணி வரை திறந்து வையுங்கள். வலைத் தொடர்பும் இரண்டு கணிப்பொறிகளும் ஒரு சதுரங்கப் பலகையும் போதும். பிள்ளைகள் அங்கே பெரியோர் காண ஆடட்டும். அணியில் தமிழ் பேசட்டும். மூத்தோர் ஒரு மூலையில் ஐம்பத்தாறு போடட்டும். திறவுகோலை வைத்துக்கொள்ள ஆள் வேண்டுமெனில், நம் வீடு படிப்பகத்திற்கு மூன்றாம் வீடுதான்.