வயிற்று ஸ்கேனுக்குத் துண்டு கிடைத்தால் திகதியைத் தவற விடாதீர்கள்

(மாதர் சங்கத் தலைவிமாருக்கான சுகாதாரக் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேசுகிற நாங்கள் இன்று வயிற்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. சங்க அலுவலகத்துக்கு வருகிறவர்களின் பையில் மடித்து வைத்த ஒரு துண்டை அடிக்கடி பார்க்கிறோம். வயிற்றுக்கு சீ.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லி டொக்டர் ஆங்கிலத்தில் எழுதிய துண்டு. திகதியைப் பார்த்தால் கடந்து போயிருக்கிறது. ஏன் போகவில்லை என்று கேட்டால் ஒருவர் "கரண்ட் மாதிரி உடம்புக்குள்ள போகுமாம்" என்கிறார். இன்னொருவர் "புற்றுநோய் இருந்தாத்தான் அதை எடுப்பாங்களாம்" என்கிறார். மூன்றாவது ஆள் "அன்றைக்குப் பேர் போயிருமே" என்கிறார். பேர் போவது உண்மை. மற்ற இரண்டும் உண்மையில்லை.

சீ.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரேதான். சாதாரண எக்ஸ்ரே ஒரு பக்கம் நின்று ஒரு படம் எடுக்கும். இந்த மெசின் நம்மைச் சுற்றி வந்து பல பக்கத்திலிருந்தும் எடுக்கும். பாணைத் துண்டு துண்டாக வெட்டி உள்ளே பார்ப்பது போல, கம்பியூட்டர் அதைச் சேர்த்து டொக்டருக்குக் காட்டும். 1971இல் லண்டனில் ஒரு நோயாளியின் தலையைத்தான் முதலில் இப்படிப் படம் பிடித்தார்கள். இன்று உலகம் முழுவதும் தினமும் நடக்கிற சோதனை இது.

ஈரல், மண்ணீரல், கணையம், சிறுநீரகம், குடல் எல்லாம் இதில் தெரியும். சிறுநீரகக் கல், அப்பெண்டிக்ஸ், உள்ளே சீழ், குடல் அடைப்பு, கட்டி இவற்றைப் பார்க்க எடுப்பார்கள். மலையில் வழுக்கி விழுந்தவருக்கு வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதா என்று பார்க்கவும் எடுப்பார்கள். ஆகவே துண்டு கொடுத்தால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. எல்லா வயிற்று வலிக்கும் இது தேவையுமில்லை. பித்தப்பைக் கல்லுக்கும் கர்ப்பப்பைக்கும் பெரும்பாலும் ஜெல் பூசிப் பார்க்கிற சாதாரண ஸ்கேனைத்தான் முதலில் எடுப்பார்கள். இரைப்பைப் புண்ணுக்கு வாய் வழியாகக் கெமரா விட்டுப் பார்ப்பார்கள்.

இனி, போவதற்கு முன் செய்ய வேண்டியவை. துண்டு கிடைத்த அன்றே மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது? தண்ணீர் குடிக்கலாமா? வழக்கமாகக் குடிக்கிற மருந்தை அன்று குடிக்கலாமா? பொதுவாகச் சில மணித்தியாலம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். வெறும் வயிறு என்றால் ரொட்டி மட்டுமல்ல, தேத்தண்ணியும் கூடாது, வெற்றிலையும் கூடாது. விடிய முதல் பஸ் ஏறி, வழியில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனால் சோதனையைத் தள்ளிப் போடலாம். ஒரு நாள் பேரும் பஸ் காசும் வீணாகிவிடும்.

பலருக்கு ஸ்கேன் எடுக்கும்போது கை நரம்பில் ஒரு மருந்து ஏற்றுவார்கள். இரத்தக் குழாயும் உறுப்புகளும் படத்தில் தெளிவாகத் தெரிவதற்காக அது. அயடின் கலந்தது. சிலருக்குக் குடிக்கவும் ஒரு திரவம் கொடுப்பார்கள். இந்த மருந்துக்காகத்தான் சில விஷயங்களை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

கர்ப்பமாக இருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும் கட்டாயம் சொல்லுங்கள். மாமியார் பக்கத்தில் நிற்கிறார், புருஷன் நிற்கிறார் என்று வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். நர்ஸைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். சிறுநீரக வருத்தம், இழுப்பு, தைரொயிட் இருந்தால் சொல்லுங்கள். முன்பு எப்போதாவது ஊசி மருந்தால் உடம்பு தடித்திருந்தால், மூச்சு முட்டியிருந்தால் அதையும் சொல்லுங்கள். இறால், மீன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த மருந்தே ஏற்றக் கூடாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. அப்படி ஒரு விதி இல்லை. ஆனாலும் எந்த ஒவ்வாமையையும் சொல்லி வைப்பது நல்லது. பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்களும் சொல்லுங்கள். இந்த மருந்து பாலில் மிகக் கொஞ்சமே சேரும். பெரும்பாலும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை.

சீனி வருத்தக்காரர்கள் இதை நன்றாகக் கேளுங்கள். மெட்போமின் குளிசை குடிப்பவர்களுக்குச் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், அந்தக் குளிசையைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். அதற்காக ஒரு இரத்தப் பரிசோதனையும் கேட்கலாம். நாமாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் இருக்கவும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் வெறும் வயிற்றோடு நெடுநேரம் காத்திருந்தால் சீனி இறங்கி மயக்கம் வரும். திகதி போடும்போதே காலையில் முதல் ஆளாக எடுக்கக் கேளுங்கள். கிளினிக் புத்தகம், குளிசைகள், பழைய ரிப்போட், படம் எல்லாவற்றையும் ஒரே பையில் கொண்டு போங்கள்.

அங்கே என்ன நடக்கும்? ஒரு கட்டிலில் படுக்க வைப்பார்கள். அந்தக் கட்டில் ஒரு பெரிய வளையத்துக்குள் மெதுவாகப் போகும். மூடிய பெட்டி இல்லை, இரண்டு பக்கமும் திறந்திருக்கும். ஊக்கு, பெல்ட், அரைஞாண்கொடி போல வயிற்றுப் பக்கம் உள்ள உலோகத்தைக் கழற்றச் சொல்வார்கள். தாலிக்கொடி நீளமாகத் தொங்கினால் ஒதுக்கவோ கழற்றவோ சொல்லலாம். நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போய் அவரிடம் கொடுத்து வையுங்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், வாயில் இரும்புச் சுவை வரும், சிறுநீர் போவது போல இருக்கும். ஒரு நிமிடத்தில் அது அடங்கிவிடும், பயப்பட வேண்டாம். ஊசி போட்ட இடம் வீங்கி வலித்தாலோ, உடம்பு அரித்தாலோ, மூச்சு முட்டினாலோ உடனே சத்தம் போட்டுச் சொல்லுங்கள். அடுத்த அறையில் இருப்பவர்களுக்கு நமது குரல் கேட்கும்.

மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். "ஹுஸ்ம கன்ன" என்றால் மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். விளங்காவிட்டால் படுப்பதற்கு முன்பே கேட்டு ஒரு தடவை பழகிக்கொள்ளுங்கள். அசைந்தால் படம் கலங்கிவிடும். படம் எடுப்பது சில நிமிட வேலைதான். முடிந்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கச் சொல்வார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓடிவர வேண்டாம். டொக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் தவிர, அன்று நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு உடம்பு தடித்தால் தோட்ட டிஸ்பென்சரிக்குப் போங்கள். மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

கதிர் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்கிறோம். மண்ணிலும் வானத்திலும் இருந்து எல்லோருக்கும் இயற்கையாகவே கொஞ்சம் கதிர் படுகிறது. ஒரு வயிற்று ஸ்கேனில் படுவது, ஏறத்தாழ மூன்று வருடத்தில் இயற்கையாகப் படுகிற அளவு. நெஞ்சு எக்ஸ்ரேயை விட இது பல மடங்கு கூடத்தான். ஆனால் அதனால் வரக்கூடிய ஆபத்து சிறியது. உள்ளே வெடிக்கப் போகிற அப்பெண்டிக்ஸைக் கண்டுபிடிக்காமல் விடுவது அதைவிடப் பெரிய ஆபத்து. கதிர் உடம்பில் தங்காது. வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கலாம். ஆனால் தேவையில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கக் கூடாது. அதனால்தான் பழைய படத்தைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறோம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில் இந்த ஸ்கேனுக்குக் காசில்லை. ஆனால் அவசரமில்லாதவர்களுக்குத் திகதி தூரத்தில் போடுவார்கள். அப்போது வெளியே எடுக்கலாம் என்று நகையை அடகு வைக்க ஓடுகிறோம். அதற்கு முன் "இது எவ்வளவு அவசரம், அந்தத் திகதி வரை காத்திருக்கலாமா?" என்று டொக்டரிடம் கேளுங்கள். காத்திருக்கும்போது வலி கூடினாலோ, காய்ச்சல், வாந்தி, மலத்தில் இரத்தம் இருந்தாலோ திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிப்போட் ஆங்கிலத்தில் வரும். அலுமாரியில் வைக்காமல், அனுப்பிய கிளினிக்குக்கே கொண்டு போங்கள். என்ன இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்ப வர வேண்டும் என்று கேளுங்கள். "சிஸ்ட்" என்று எழுதியிருந்தால் உடனே அழ வேண்டாம். ஈரலிலும் சிறுநீரகத்திலும் உள்ள நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கில்லாதவை. படத்தில் ஒன்றுமில்லை என்று சொல்லியும் வலி தொடர்ந்தால் கிளினிக்கை நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. சம்மதப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், "தமிழில் விளக்குங்கள்" என்று சொல்வது சண்டையில்லை, உரிமை. விளங்கிய பிறகு கையெழுத்து வையுங்கள்.

தலைவிமார்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் டிவிசனில் யாருக்கு ஸ்கேன் திகதி இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். முதல் நாள் மாலை அந்த வீட்டுக்குப் போய், சாப்பாடு, மருந்து, கூடப் போகிற ஆள் மூன்றையும் கேளுங்கள். துண்டைக் காட்டியும் லீவு தர மறுத்தால், தோட்டத் தலைவர் மூலம் அன்றே எங்களுக்கு அறிவியுங்கள். நிர்வாகத்தோடு பேசுவது எங்கள் வேலை. போன பேரை அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம். தவறிய திகதியால் முற்றிப்போன வருத்தத்தை எந்தச் சங்கத்தாலும் பேசித் தீர்க்க முடியாது.