படம் ஓர் அமானிதம்



இந்த வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வெடிச்சத்தம் கேட்டதும் நம் கை முதலில் எதைத் தேடுகிறது? செல்போனைத்தான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி ஆலை வெடித்தபோது பார்க்கவும் உதவவும் ஓடிவந்தவர்களே பலர் மாண்டார்கள். அதற்குப் பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை.

படமே எடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 1990-இல் சலம் பென்னூர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். விடியுமுன் ஆலைப் பேருந்துகள் கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற காலம் அது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. அநீதிக்குச் சாட்சி வேண்டும். கேமராவும் ஒரு சாட்சிதான்.

ஆனால் படம் எடுத்தவர் ஊருக்குப் போய்விடுவார். பேசியவரோ மறுநாளும் அதே ஆலை வாசலில்தான் நிற்க வேண்டும்!

அயோத்தியை நினைத்துப் பாருங்கள். ஆனந்த் பட்வர்தனின் 'ராம் கே நாம்' 1992-இல் வெளிவந்தது. நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ், கோயில் பெயரால் நடந்த அரசியலை அதில் அஞ்சாமல் கண்டித்தார். அவ்வாண்டு டிசம்பர் 6-இல் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டது. 1993-இல் லால்தாஸ் கொல்லப்பட்டார். அந்தப் பேட்டியின்மீது பழி போடுவது நியாயமல்ல. ஆனாலும் ஒவ்வொரு முறை படம் ஓடும்போதும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டிய படைப்பாளியின் நெஞ்சு என்ன பாடுபடும்!

வணிகப் பெருமக்களே! ஒரு தையல் மெஷினைக் கொடுத்துவிட்டு அந்த விதவைச் சகோதரியை மேடையில் நிறுத்திப் படம் எடுக்கிறோமே, அவர் சம்மதத்தைக் கேட்டோமா? வலக்கை கொடுப்பது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்று படித்த சமுதாயமல்லவா நாம்!

இளைஞர்களே! கருகிய உடலைப் படம் எடுத்து அனுப்பாதீர்கள். அந்த வீட்டுப் பிள்ளையும் அதைப் பார்ப்பான். பேசுகிறவரிடம், இதனால் என்ன வரக்கூடும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள். எடுத்தபின் மறந்துவிடாமல் ஒருமுறை திரும்பப் போய் நலம் விசாரியுங்கள்.

நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட முகம் ஓர் அமானிதம். அதற்கும் மறுமையில் கணக்கு உண்டு. வல்ல அல்லாஹ் நமக்கு நல்ல நிய்யத்தைத் தருவானாக!