பாட்டி கடலில் இறங்கியதற்கு ரசீது எங்கே?

(ராமநாதபுரத்தில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு வங்கியில் குமாஸ்தா. இன்றைக்குக் கவிதை வேண்டாம், ஒரு கடன் விண்ணப்பத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பாம்பன் பக்கமிருந்து ஓர் அக்கா வந்தார். 'தொழில்' என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "பாசி எடுக்குறேன் தம்பி. பத்து வயசுலேர்ந்து கடல்லதான் கெடக்கேன்" என்றார். விரலெல்லாம் பாறை கிழித்த தழும்பு. மேலதிகாரி 'இல்லத்தரசி'ன்னு போடுங்க என்றார். போட்டேன். எழுதியது என் கைதான்.

இந்தக் கடலைப் பாதுகாக்கிறோம் என்கிறவர்களும் அதையேதான் செய்தார்கள். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைத் தேசியப் பூங்கா என்றார்கள். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. பவளப்பாறையும் கடல்பசுவும் காக்கப்பட வேண்டியவை, அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அழித்தது யார்? ஆலைக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டியெடுத்ததில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. வெட்டிய கூலிக் கைகள் நம்முடையவை, லாபம் நம்முடையதல்ல. இழுவைமடி அடிக்கடலையே வழித்தது. ஆனால் காவலுக்கு வந்தவர்களிடம் சுலபமாக அகப்பட்டவர்கள், இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நின்ற பெண்கள்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பெப்சி கம்பெனியின் துணையோடு கப்பாபைகஸ் என்ற அந்நியப் பாசி இந்தக் கரையில் வளர்க்கப்பட்டது. 2008இல் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். கையால் கிள்ளுகிறவள் கடலுக்கு ஆபத்தாம், கம்பெனிப் பாசி வளர்ச்சியாம்!

அட்டவணைச் சாதிப் பட்டியலில் 'கடையன்' என்றொரு பெயர் இருக்கிறது. பெயரிலேயே கடைசி. சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுட்டவர்கள், முத்துக்குளித்தவர்களில் ஒரு பகுதியினர் என்று 1909இல் எட்கர் தர்ஸ்டன் எழுதிவைத்தார். வெள்ளைக்காரன் புத்தகத்தில் இருக்கிறவர்கள் நம் அரசாங்கத்தின் பாதுகாப்புத் திட்டத்தில் 'ஊடுருவுகிறவர்கள்' ஆனது எப்படி? பாசி எடுக்கிற பெண்கள் எல்லாரும் ஒரே சாதியல்ல. ஆனால் கணக்கில் வராதவர்கள் என்பதில் எல்லாரும் ஒன்றுதான்.

இவர்கள் கடலைக் காக்கத் தெரியாதவர்களா? கட்டக்கோரையையும் மரிக்கொழுந்துப் பாசியையும் மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் இறங்காமலிருப்பது, பாறையை இரும்பால் சுரண்டாமல் கையால் எடுப்பது என்று பெண்களின் கூட்டமைப்பு தானே கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. அதற்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது கிடைத்தது. விருது வந்தது சரி. கடலைப் பற்றி முடிவெடுக்கிற மேசையில் நாற்காலி எங்கே?

2022 டிசம்பரில் மாண்ட்ரியாலில் கூடிய நாடுகள், 2030க்குள் உலகின் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்பது என்று முடிவெடுத்தன. பழங்குடிகளின், உள்ளூர்ச் சமூகங்களின் உரிமையை மதித்து என்றும் எழுதியிருக்கிறார்கள். அடுத்த கோடு யார் முற்றத்தில் விழும் என்று நமக்குத் தெரியும். அதற்குள் நம் கையில் எழுத்து இருக்க வேண்டும்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேசியப் பூங்காவிலும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் பழங்குடிப் பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, 75 ஆண்டு என்று நிரூபிக்க வேண்டும். பாட்டி கடலில் இறங்கியதற்கு ரசீதா கொடுத்தார்கள்? ஒரு வழி இருக்கிறது: பெரியவர்களின் வாக்குமூலத்தை எழுதிவாங்கினால் அதுவும் சான்று என்று அச்சட்டத்தின் விதிகளே சொல்கின்றன. கடலுக்கு இது பொருந்தாது என்று வாதிடுவார்கள். தீவுகள் காடுதானே என்று நாம் வாதிடுவோம்.

ஆகவே மாணவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு சின்னப்பாலத்துக்கும் பாம்பனுக்கும் போங்கள். எந்தத் தீவில், எந்தப் பாறையில், எந்தப் பிறைக்கு இறங்கினார்கள் என்று கிழவிகள் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கைநாட்டு வாங்குங்கள். அவர்கள் காலம் முடிவதற்குள் செய்யுங்கள்.

என் பங்குக்கு, அந்த அக்கா மறுபடி வங்கிக்கு வரும்போது அந்தக் கட்டத்தில் 'பாசி எடுத்தல்' என்று எழுதுவேன். மேலதிகாரி அடித்தால் மறுபடியும் எழுதுவேன்.