வாய்க்கு அவல், செவிக்கு உணவு

நாவிற்குத் தொழில் இரண்டு. ஒன்று சுவைத்தல், மற்றொன்று பேசுதல். இவ்விரு தொழிலும் ஓரிடத்தே நிகழ்வதனாற்போலும், தின்பண்டத்திற்குரிய சொற்கள் பேச்சுக்கும் செய்திக்கும் உரியவாக வழங்கக் காண்கிறோம். ஆங்கிலத்தில் 'டிட்பிட்' என்றொரு சொல் உண்டு. வாய்க்கு இனிய சிறு தின்பண்டத் துண்டு என்பது அதன் பொருள். அதுவே கேட்பதற்கு இனிய சிறு செய்தியையும், அயலாரைப் பற்றிய இரகசியப் பேச்சையும் குறிக்கலாயிற்று. 1881ஆம் ஆண்டில் ஜார்ஜ் நியூன்ஸ் என்பவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் ஒரு வார இதழைத் தொடங்கி, அதற்கு 'டிட்-பிட்ஸ்' என்றே பெயரிட்டார். நூல்களிலும் இதழ்களிலும் பொறுக்கியெடுத்த சிறு சிறு செய்திகளே அதன் சரக்கு. மக்கள் அதனை விரும்பி வாங்கினர்.

நம் தமிழ் வார இதழ்கள் அத்தகைய செய்திக்குத் 'துணுக்கு' என்று பெயர் தந்தன. கதையோ கட்டுரையோ முடிந்தபின் பக்கத்தின் அடியில் எஞ்சும் இடத்தைத் துணுக்குகள் நிரப்பின. கதையைப் பின்னர்ப் படிக்கலாம் என்று ஒதுக்கிவிட்டு முதலில் துணுக்குகளைத் தேடிப் படித்தவர் நம்மிற் பலர். ஆயினும் துணுக்கு என்பது சிறு துண்டு என்னும் அளவையே சுட்டும். அச்சொல்லில் சுவை இல்லை. சுவையும் பேச்சும் ஒன்றாய்க் கலந்த தமிழ்ச்சொல் வேண்டுமாயின், நாம் அவலிடம் போதல் வேண்டும்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தாற்போல என்பது நம் நாட்டுப் பழமொழி. ஊரார்க்குப் பேச ஒரு பொருள் அகப்பட்டுவிட்டால் இதனைச் சொல்லுவர். 'என் குடும்பம் ஊர் வாய்க்கு அவலாயிற்று' என்று வருந்துவாரும் உளர். எத்தனையோ தின்பண்டங்கள் இருக்க, இங்கு அவலைத் தேர்ந்தது ஏன்? இலட்டும் அதிரசமும் வாயிலிட்ட சிறிது நேரத்தில் கரைந்து உள்ளே போய்விடும். அவலின் இயல்பு வேறு. நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்குவது அவல். அதனை உலர்ந்தபடியே வாயிலிட்டால் நெடுநேரம் மெல்லவேண்டும். மெல்ல மெல்ல ஊறிப் பெருகும். கைப்பிடி அவல் ஒரு நாழிகைக்குப் போதும். வம்புப் பேச்சின் இயல்பும் அதுவே. சிறிதாக வாயிற் புகுந்து, மெல்லுந்தோறும் பெருகுகிறது. மற்றொரு நுட்பமும் இப்பழமொழியில் உண்டு. அவல் வருவதற்கு முன்பே அவ்வாய் மென்றுகொண்டிருந்தது! பேசவேண்டும் என்னும் தினவு முன்னே, பேசுபொருள் பின்னே. இதனைக் கண்டு சொன்னவர் மனித மனத்தை நன்கு அறிந்தவராதல் வேண்டும்.

அவலோடு நின்றோமில்லை. செய்தி 'சூடாக' வருகிறது. வாதம் 'காரசாரமாக' நடக்கிறது. பேச்சு சுவைக்கவில்லையெனில் 'உப்புச் சப்பில்லை' என்கிறோம். சொன்னதையே சொல்பவரை 'அரைத்த மாவையே அரைக்கிறார்' என்கிறோம். செய்திக்கென நாம் ஓர் அடுக்களையே வைத்திருக்கிறோம்.

பழந்தமிழர் இதனை வேறுவகையாகக் கண்டனர். அகப்பாடல்களில், தலைவன் தலைவியரின் காதலைப் பற்றி ஊரார் தமக்குள் முணுமுணுப்பது 'அம்பல்'. அது வெளிப்பட்டுப் பலரும் அறியப் பேசப்படுவது 'அலர்'. அம்பல் அரும்பு போன்றது. அலர் மலர்ந்த பூப் போன்றது. வள்ளுவரோ காமத்துப்பாலில் அலருக்கென ஓர் அதிகாரமே வகுத்து, ஊரார் தூற்றுவது காதற்பயிருக்கு எருவாகிறது என்று நயம்படக் கூறினார்.

இன்று நாம் வழங்கும் 'வம்பு' என்னும் சொல்லும் பழமையானதே. தொல்காப்பியர் உரியியலில் அதற்கு நிலையின்மை என்று பொருள் கூறுகிறார். பருவமல்லாத காலத்தில் பெய்து மறையும் மழைக்கு 'வம்ப மாரி' என்று பெயர். குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிச் சென்ற தலைவன் வருமுன்னே கொன்றை பூத்துவிடுகிறது. தலைவி கலங்குகிறாள். தோழியோ, கொன்றை மரங்கள் அறிவற்றவை; இடையில் பெய்த வம்ப மழையைக் கார்காலம் என்று எண்ணி ஏமாந்து பூத்துவிட்டன என்று தேற்றுகிறாள். நிலையில்லாத ஒன்றை மெய்யென நம்பிப் பூப்பது கொன்றைக்கு மட்டுமா நேர்கிறது?

இனி, நாம் வாழும் திருவனந்தபுரத்துக்கு வருவோம். தமிழும் மலையாளமும் தோளோடு தோள் உரசும் நகரம் இது. மனோன்மணீயம் தந்த சுந்தரம் பிள்ளை பேராசிரியராய் விளங்கியது இங்கே. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகிய வையாபுரிப் பிள்ளை அதற்கு முன்னர் வழக்கறிஞராய் இருந்ததும் இங்கே. சாலைக் கடைத்தெருவில் இன்றும் ஒரே பேரத்தில் இரு மொழியும் கேட்கும். நம் அவல் இங்கே 'அவில்'. நாம் தீனியைக் கொறிக்கிறோம். இவர்களும் 'கொறிக்குக' என்றே சொல்கிறார்கள். ஆனால், கூடியிருந்து பொழுதுபோக்காகப் பேசுவது இவர்களுக்கு 'வெடிவட்டம்'. நமக்கு அவலாய்த் தோன்றியது இவர்களுக்கு வெடியாய்த் தோன்றியிருக்கிறது. பொய்க்கு மலையாளத்தில் 'நுண' என்று பெயர். ஒன்றை வாயிலிட்டுச் சப்பிச் சுவைப்பதற்கு 'நுணயுக' என்று பெயர். ஓசையளவில் இரண்டும் அடுத்தடுத்த வீடுகள். பொய்யும் சுவையும் அண்டை வீட்டார் என்பதை எந்த ஊரார்தாம் அறியார்?

இச்சொல்லாராய்ச்சியால் பயன் என்ன என்று கேட்கலாம். 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தை நினைவுகூர்வோம். கேரளம் முழுவதும் பெருமழை, ஆறுகள் கரைபுரண்டன, அணைகள் திறந்துவிடப்பட்டன. அவ்வேளையில், முல்லைப் பெரியாற்று அணை கசியத் தொடங்கிவிட்டது, உடனே ஓடிவிடுங்கள் என்னும் பொய்யான ஒலிப்பதிவு ஒன்று கைப்பேசிக்குக் கைப்பேசி பரவிற்று. காவல் துறை வழக்குப் பதிய நேர்ந்தது. 1895 முதல் நின்றுவரும் அவ்வணை இரு மாநிலத்தார்க்கும் இடையே நெடுங்கால வழக்குக்குரியது. தமிழ்நாட்டின் வயல்களுக்கு நீர் தருவது. அதனைப் பற்றிய ஒரு பொய், வெள்ளத்தில் நிற்கும் மக்களை மட்டுமன்று, இங்கு வாழும் தமிழரையும் அவர்தம் அயலாரையும் ஒருவரையொருவர் ஐயுறச் செய்யவல்லது. மெய்யான மழைக்கு நடுவே பெய்த வம்ப மாரி அது.

அதே நாட்களில், அதே கைப்பேசிகளில், வேறு துணுக்குகளும் பறந்தன. இன்ன ஊர், இன்ன வீடு, மாடியில் இத்தனை பேர், நீர் இவ்வளவு உயரம் என்பன போன்ற சிறு செய்திகள். விழிஞ்ஞம், பூந்துறை முதலிய திருவனந்தபுரத்துக் கடற்கரை ஊர்களின் மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு செங்ஙன்னூர்ப் பக்கம் சென்றார்கள். வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கூரைகளினின்றும் மாடிகளினின்றும் மீட்டார்கள். அளவிற் பார்த்தால் இரண்டும் துணுக்குகளே. ஒன்று அச்சத்தைப் பெருக்கிற்று. மற்றொன்று படகைச் செலுத்திற்று. வேறுபாடு எங்கே இருந்தது? மீட்புச் செய்தியில் இடமும் இருந்தது. கேட்டறியத்தக்க ஆளும் இருந்தார். பொய்யில் பரபரப்பு ஒன்றே இருந்தது.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் இலக்கணத்திலேயே வைத்துள்ளனர். தாம் நேரிற் காணாத ஒன்றைச் சொல்லும்போது தமிழர் வினைமுற்றின் பின்னே 'ஆம்' சேர்ப்பர். 'வந்தான்' என்பது கண்டவன் கூற்று. 'வந்தானாம்' என்பது கேட்டவன் கூற்று. மலையாளத்திலும் 'அத்ரே' என்னும் சொல் இத்தொழிலைச் செய்கிறது. ஓரெழுத்தும் ஒரு புள்ளியுமாக நிற்கும் இந்த 'ஆம்', சொல்பவன் தன் கேள்விக்குக் கட்டிய வேலி. வம்பு விளைவது, செய்தி ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்குச் செல்லும் வழியில் இந்த வேலி சாய்ந்துவிடும்போதுதான். 'வேலை போயிற்றாம்' என்று புறப்பட்ட செய்தி மூன்றாம் வீட்டில் 'வேலை போயிற்று' என்றாகிறது. ஐந்தாம் வீட்டில் அதற்கொரு காரணமும் முளைக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் நாம் இதனைச் சிறப்பாக எண்ணுதல் வேண்டும். பெரிய ஊரில் வம்பு பத்துத் தெரு சென்று கரைந்துவிடும். அயலூரில் நம்மவர் முப்பது நாற்பது வீட்டார் மட்டுமே இருப்பின், அது கரைய இடமின்றி அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். கோவில் விழாவிலும் சங்கக் கூட்டத்திலும் மீண்டும் மீண்டும் மெல்லப்படும். ஒரு பெண்ணின் திருமணப் பேச்சு முறிவதும், ஒரு குடும்பம் நம்மவர் கூடுமிடங்களையே தவிர்த்து ஒதுங்குவதும் இதனால் நேர்கின்றன. ஒதுங்கிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் பேசும் தோழர் இல்லாமற் போகின்றனர். மென்றவர்க்குச் சிறிது பொழுது போயிற்று. மெல்லப்பட்டவர்க்கு உறவும் மொழியும் போயின.

இதனால் சிறு செய்திகளையே வெறுக்கவேண்டும் என்பது கருத்தன்று. தொலைவில் வாழ்வார்க்கு ஊர்ச்செய்தி உயிர்மருந்து. வாய்க்கால் நிறைந்ததா, பக்கத்து வீட்டு அத்தைக்கு உடல் தேறிற்றா, பள்ளிக்கூடத்து வேப்பமரம் இன்னும் நிற்கிறதா என்று கேட்டறியாமல் நாம் எவ்வாறு ஊருக்கு உரியவராவோம்? கண்ணனைக் காணச் சென்ற குசேலர் கையிற் கொண்டதும் அவலே. அக்கதையைக் கேரளத்தார் நெஞ்சில் நிறுத்தியவர் இராமபுரத்து வாரியர். மார்த்தாண்ட வர்ம மன்னருடன் வைக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படகில் வரும்போது அவர் குசேலவிருத்தத்தைப் பாடினார் என்பது மரபு. அந்தப் பிடி அவல் சுவைத்தது அன்போடு கொண்டுவரப்பட்டதனால். ஊர்ச்செய்தியும் அன்போடு வருமாயின் அத்தகைய அவலாகும்.

கேள்விச் செல்வத்தைப் பாட வந்த வள்ளுவர், செவிக்கு உணவு கிடைக்காத வேளையில்தான் வயிற்றுக்கும் சிறிது தரப்படும் என்றார். வயிற்றுக்குரிய உணவில் கல்லிருக்கிறதா, புழுவிருக்கிறதா என்று பார்த்துப் புடைத்தெடுக்கிறோம். செவியுணவுக்கும் அத்தகைய முறம் ஒன்று வேண்டும். அடுத்தமுறை நம்மவரில் ஒருவரைப் பற்றிய செய்தி கைப்பேசியில் வரும்போது, 'யார் கண்டது?' என்று ஒருமுறை கேட்போம். விடை கிடைக்கவில்லையாயின் அதனை நம்மோடு நிறுத்திக்கொள்வோம். அதற்கு மாறாக, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, 'நலந்தானே?' என்று கேட்டு வருவோம்.