பொறுத்துக்கொண்ட நோவும் கேட்கத் தவறிய பரிசோதனையும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு விழாவில் நோயைப் பற்றிப் பேசலாமா என்று தயங்கினேன். "எங்களில் பலர் ஐம்பதைக் கடந்துவிட்டோம். கூடினால் கைகால் நோவைத்தானே கதைக்கிறோம், அதையே மேடையில் கதையுங்கோ" என்றார் சங்கச் செயலாளர். நான் வைத்தியர் அல்ல. ஒன்பது வருடம் தசை நோவோடு திரிந்த ஒரு நோயாளி. அந்த அனுபவத்தில் கற்றதையே சொல்கிறேன்.

வலைப்பந்தாட்ட அணியில் என்னைக் கண்டவர்கள் நம்பமாட்டீர்கள். நாற்பத்திரண்டு வயதில் தலை இழுக்கக் கையைத் தூக்க முடியவில்லை. கதிரையிலிருந்து எழும்ப இரண்டு கையையும் ஊன்ற வேண்டும். படி ஏறினால் தொடை உளையும். இரவில் கெண்டைக்கால் விறைத்து இழுக்கும். நான் வாழும் இலண்டனில் குளிர் என்றார்கள், வேலைப்பளு என்றார்கள், மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள். இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவு என்று குளிசை தந்தார்கள். குளிசை முடிந்ததும் மீண்டும் குறைந்தது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் நோ இருந்தது. 'வாதம்' என்று எண்ணெய் பூசிவிட்டோம். இது எங்கள் குடும்பத்து உடம்பு என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பொறுமையைச் சிறுவயதிலேயே நன்றாகப் படித்தவர்கள் அல்லவா நாங்கள்!

ஒன்பதாம் வருடம் ஓர் இளம் வைத்தியர் என் பழைய அறிக்கைகளைப் புரட்டி மூன்று விடயங்களை ஒரே தாளில் எழுதினார். தசை நோவு, திரும்பத் திரும்ப வரும் குருதிச்சோகை, மிகக் குறைந்த விற்றமின் டீ. "நீங்கள் நன்றாகச் சாப்பிடுகிறீர்கள். சாப்பாட்டின் சத்து உடம்பில் சேர்கிறதா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் வழியைத் திறந்தது. இரத்தப் பரிசோதனையும் பின்னர் எண்டோஸ்கொப்பியும் செய்தார்கள். எனக்கிருந்தது சீலியாக் நோய். வயிற்றோட்டமோ வயிற்று நோவோ ஒருநாளும் இருந்ததில்லை.

விஞ்ஞான பாடத்தில் சிறுகுடலின் சடைமுளைகளைப் படம் கீறிப் பெயரிட்டது நினைவிருக்கிறதா? கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. சீலியாக் உள்ளவர்களுக்கு அது குடலுக்குள் போனதும் உடம்பின் நோயெதிர்ப்புத் தொகுதி தன் குடலையே தாக்குகிறது. சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகின்றன. இரும்பு, கல்சியம், விற்றமின் டீ முதலியவை சரியாக அகத்துறிஞ்சப்படுவதில்லை. விற்றமின் டீ மிகவும் குறைந்தால் என்பு மென்மையாகி நோகும்; தோள், இடுப்பு, தொடைத் தசைகள் பலமிழக்கும். கல்சியம் குறைந்தால் தசை இழுக்கும். குடலில் தொடங்கிய குற்றம் தொடையில் தெரிவது இப்படித்தான்.

உலகில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. பலர் அதை அறியாமலே வாழ்கிறார்கள். ஒல்லாந்தில் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் பாண் கிடைக்காதபோது இந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். பாண் வந்ததும் மீண்டும் நலிந்தார்கள். அங்கிருந்த குழந்தை வைத்தியர் வில்லெம் டிக்கெ கோதுமைதான் காரணம் என்று 1950 இல் தம் ஆய்வேட்டில் எழுதினார்.

தசை நோவெல்லாம் சீலியாக் என்று நான் சொல்ல வரவில்லை. தைரொயிட் கோளாறு, கொலஸ்திரோல் குளிசை என்று வேறு காரணங்கள் பல உண்டு. ஆனால் காரணம் தெரியாத நோவோடு குருதிச்சோகை, தீராத களைப்பு, அடிக்கடி வாய்ப்புண், வயதுக்கு முன் என்புத் தேய்வு, திரும்பத் திரும்பக் கருச்சிதைவு போன்றவையும் இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். ரிஷ்யூ ட்ரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற பிறபொருளெதிரியைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனை அது. அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும் பார்க்க வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் குடல் ஆறத் தொடங்கும், நோய் இருந்தாலும் இல்லையென்று முடிவு வரலாம். யாழ்ப்பாணத்திலிருக்கும் என் அக்கா என் கதையைக் கேட்டதும் பாணை விட்டுவிட்டா. பரிசோதனை ஒன்றும் காட்டவில்லை. பிறகு ஆறு கிழமை தினமும் பாண் சாப்பிட்டு மீண்டும் இரத்தம் கொடுத்தபோதுதான் உண்மை தெரிந்தது. "டொக்டரே பாண் தின்னச் சொன்ன ஆள் நான் ஒருத்திதான்" என்று இன்றும் சிரிப்பா. பெற்றோர், சகோதரர், பிள்ளைகளில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதனால் அவர்களுக்கு நோ இல்லாவிட்டாலும் பரிசோதிப்பது நல்லது.

இதற்கு மருந்து சாப்பாடுதான், வாழ்நாள் முழுவதும். கோதுமை எங்கள் நாட்டில் விளைவதில்லை, கப்பலில் வருவது. எங்கள் சோறு, அரிசிமாப் புட்டு, இடியப்பம், குரக்கன், உழுந்து, பயறு, மரவள்ளி, ஒடியல் எதிலும் குளூட்டன் இல்லை. ஆனால் மறைந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கடை இடியப்பத்திலும் வடையிலும் கோதுமை மா கலந்திருக்கலாம். கூட்டுப் பெருங்காயம், சோயா சோஸ், மோல்ட் பானம் ஆகியவற்றின் சிட்டையை வாசியுங்கள். ரவையும் சேமியாவும் பெரும்பாலும் கோதுமையே. கோதுமை ரொட்டி சுட்ட அதே தாச்சியில் தோசை சுடுவதும் கூடாது.

ஆறு மாதத்தில் நான் கையூன்றாமல் எழும்பினேன். இரும்புச்சத்து இறங்காமல் நின்றது. இடது தோளில் நோ இன்னும் கொஞ்சம் உண்டு. அதை மறைக்க மாட்டேன். அம்மாவுக்கும் இதுதான் இருந்ததா என்று இனி அறிய வழியில்லை. அவவுக்கு அந்தக் கேள்வியைக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

எமது கல்லூரி பொறுமையை மட்டுமா கற்பித்தது? கையை உயர்த்திக் கேள்வி கேட்கவும் கற்பித்தது. உங்களுக்காக ஒருமுறை அந்தக் கையை உயர்த்துங்கள்.