மொத்தத்துள் மறைந்திருப்பவை



1951-ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பில் ஆளுக்கொரு சீட்டு எழுதினார்கள். பின்னர் அச்சீட்டுகளை ஆண், பெண், தொழில், வயது என்று கையாற் பிரித்து, புறாக்கூடு போன்ற அறைகளில் இட்டு எண்ணினார்கள். புதியதொரு கேள்வி எழுந்தால் சீட்டுகளை மறுபடியும் கலைத்துப் பிரித்தல் வேண்டும். அந்த வேலையைத்தான் இன்று கணிப்பொறி இமைப்பொழுதிற் செய்து தருகிறது. அக்செஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் இதனைக் 'கிராஸ்டேப்' என்பர். எக்செல்லில் 'பிவட் டேபிள்' என்பர். நாம் குறுக்கு அட்டவணை என்போம்.

2011-இல் விழுப்புரம் மாவட்டத்து மக்கள்தொகை 34,58,873. இவ்வெண் பெரிது, ஆனால் ஊமை. ஆண்கள் 17,40,819, பெண்கள் 17,18,054 என்று பிரித்தவுடனே அது பேசத் தொடங்குகிறது. வட்டங்களை வரிசையிலும், ஆண் பெண் என்பதை மேல்தலைப்பிலும் நிறுத்தினால் இன்னும் தெளிவாகப் பேசும்.

திண்டிவனத்தை அடுத்த ஓர் ஊர்ப்பள்ளியைக் கற்பனை செய்து கொள்வோம். மாணவர் ஐம்பதின்மர், மாணவியர் ஐம்பதின்மர். ஓராண்டில் வராத நாட்கள் மொத்தம் 600. ஆளுக்கு ஆறு நாள். குறையொன்றுமில்லை என்று ஆசிரியர் பதிவேட்டை மூடிவிடக் கூடும். மாதத்தை வரிசையிலும் பாலினத்தை மேல்தலைப்பிலும் வைத்துப் பாருங்கள். 600-இல் மாணவியர் பங்கு 400. அதிலும் 280 நாட்கள் அக்டோபர், மார்ச்சு ஆகிய இரண்டே மாதங்களில்! அவை நம் பக்கத்தில் மல்லாட்டை பிடுங்கும் காலங்கள் அன்றோ? மொத்தத்தைப் பார்த்தவர்க்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு மூலப்பட்டியல் செம்மையாக இருத்தல் வேண்டும். வகுப்பு வருகைப் பதிவேடு, பெயர் கீழும் நாள் குறுக்கிலுமாக, முன்னமே குறுக்கு அட்டவணையாக இருக்கிறது. அதனை அவிழ்த்து, பெயர், ஊர், பால், மாதம், வராத நாள் என வரிக்கொரு செய்தியாக எழுதுக. ஊர்ப்பெயரை ஒரே விதமாக எழுதுக. ஆங்கிலத்தில் விழுப்புரத்தை 'எல்' இரட்டித்து எழுதுவாருமுண்டு. 'பி' இரட்டித்து எழுதுவாருமுண்டு. நமக்கு அது ஓர் ஊர், கணிப்பொறிக்கோ ஈரூர்!

விழுக்காட்டிலும் விழிப்பு வேண்டும். அவ்விரு மாதங்களில் வராத நாட்கள் 350 என்றால், அதில் மாணவியர் பங்கு 80 விழுக்காடு. மாணவியர் வராத நாட்களில் அவ்விரு மாதப் பங்கோ 70 விழுக்காடு. ஒரே 280-தான், கேள்விகள் வேறு.

சராசரிகளுக்குச் சராசரி காண்பது மற்றோர் இடறல். ஓரூரில் 10 மாணவியர், சராசரி 12 நாள். அடுத்த ஊரில் 40 மாணவியர், சராசரி 7 நாள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்பதரை. உண்மைச் சராசரி எட்டே.

எக்செல்லில் அந்த 280 என்னும் கட்டத்தை இருமுறை சொடுக்குங்கள். அதனுள் அடங்கிய வரிகளெல்லாம் தனித்தாளில் விரியும். எண் போய்ப் பெயர்கள் வரும். அப்பெயர்களை எடுத்துக்கொண்டு, அடுத்த அக்டோபர் பிறக்குமுன் ஆசிரியர் அவ்வீடுகளுக்குச் செல்லலாம்.